ஜூன் மழையில் ஜப்பானின் மிச்சினோக்கு கடற்கரைப் பாதை: நடக்கலாமா, தள்ளிப்போடலாமா?

கேட்டவர்: கருங்கல் டீச்சர்

வணக்கம். கருங்கல் பக்கம் இருக்கிறேன். 31 வருடம் பள்ளியில் புவியியல் நடத்திவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மகள் செண்டாயில் வேலை பார்க்கிறாள். ஜூன் நடுவில் மூன்று வாரம் அவளோடு தங்கப் போகிறேன். அதில் நான்கைந்து நாளாவது மிச்சினோக்கு கடற்கரைப் பாதையில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அவோமோரி, இவாத்தே, மியாகி, ஃபுக்குஷிமா என நான்கு மாகாணங்களின் கரையோரமாக 1000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை என்று படித்ததிலிருந்து வரைபடத்தை மடித்து வைக்க மனம் வரவில்லை.

நடை எனக்குப் புதிதல்ல. நீரோடியில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை நம் மாவட்டக் கடற்கரை முழுவதையும் துண்டு துண்டாக, ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு வருடத்தில் நடந்து முடித்தேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். அந்த நடைகளில் இன்றும் மனதில் நிற்பது, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் குளச்சலிலிருந்து மண்டைக்காடு வரை நனைந்துகொண்டே போன நாள்தான்.

மகள் சம்மதிக்க மறுக்கிறாள். ஜூன் நடுவில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும், அக்டோபரில் வாருங்கள் என்கிறாள். அக்டோபரில் தம்பி மகளுக்குத் திருமணம். என்னால் வர முடியாது.

யாராவது அந்தக் கரையில் மழையில் நடந்திருக்கிறீர்களா? அந்த மழை எப்படிப்பட்டது? ஈரச் செருப்பை, ஈரத் துணியை எப்படிச் சமாளித்தீர்கள்? எனக்கு வயது 59. வலது முழங்காலில், இறக்கத்தில் மட்டும், கொஞ்சம் வலி உண்டு. மறைக்காமல் சொல்லுங்கள்.

---

பதில்: கடியப்பட்டணத்துக்காரன்

டீச்சர், வணக்கம். நான் 2023 ஜூனில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து, வடக்கே ஹச்சினோஹேயில் தொடங்கித் தெற்கு நோக்கி யமாதா வரை நடந்தேன். அப்போது யோகோஹாமாவில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் ஏழு நாள் மழை. ஏழையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன், அதிலேயே உங்கள் கேள்விகளுக்கு விடை இருக்கிறது.

முதலில் மழையைப் பற்றி. இடவப்பாதியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நம் மழை ஓங்கி அடிக்கும், நனைப்பதையெல்லாம் நனைத்துவிட்டு நின்றுவிடும். தொப்பலாக நனைந்தாலும் நமக்குக் குளிர்வதில்லை. அங்கே விடிந்ததிலிருந்து இருட்டும் வரை தூறிக்கொண்டே இருக்கும். அந்தக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. கோடையின் தொடக்கத்தில் அதன் மேலாக வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வீசும். யமாசே என்பார்கள். மூடுபனியையும் குளிரையும் சேர்த்தே கொண்டுவரும். ஜூன் மாதப் பகலில் என் கைக்கடிகாரம் 12 டிகிரி காட்டியது. எட்டு டிகிரி அட்சத்தில் வளர்ந்த உடம்பை ஏறக்குறைய நாற்பது டிகிரிக்குக் கொண்டுபோகிறோம் என்பதை என்னைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.

மியாகோ நகருக்குத் தெற்கே ஓமோயே என்றொரு தீபகற்பம். அதன் கிழக்குக் கரையில் அனெயோஷி என்ற சிறிய குடா. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஓடை, ஓடை கடலில் சேருகிற இடத்துக்கருகே கூடாரம் போட ஒரு திடல். மாலை ஐந்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். வேறு யாரும் இல்லை. கூடாரம் போட்டு, சோற்றுருண்டை இரண்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். எட்டு மணிக்கு மழை பிடித்தது.

தூக்கம் வரவில்லை. நான் கடற்கரையில் பிறந்தவன், கடல் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று என்னைத் தூங்கவிடாதது ஓடையின் சத்தம். முதலில் சலசலப்பாக இருந்தது, பிறகு அடியில் கல் உருளும் சத்தம் வந்தது. அதோடு, அந்த இடத்தைப் பற்றி நான் படித்திருந்த ஓர் எண் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. 2011 மார்ச் 11 அன்று வந்த பேரலையில் அந்தக் குடாவில் தண்ணீர் மலைச்சரிவில் ஏறிய உயரம் 40 மீட்டருக்கு மேல். நம் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதுவும் 40 மீட்டரைச் சற்றே தாண்டும். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, சிலையைத் திடலில் நிறுத்தி, அதன் தலை வரை தண்ணீரை நினைத்துப் பார்த்தேன். 2004இல் எனக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு அம்மா பிறந்த வீட்டுக்கு, கீழமணக்குடிக்கு, போயிருந்தோம். மறுநாள் ஞாயிறு. பழையாறு கடலில் சேருகிற இடத்தில் நாங்கள் முந்தைய நாள் நடந்து கடந்த பாலம் அன்று இல்லாமல் போனது. அந்த வீட்டில் யார் யார் இல்லாமல் போனார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சொட்டச் சொட்டக் கூடாரத்தைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். தார்ச் சாலைதான். பதினைந்து இருபது நிமிடம் ஏறியதும் தலைவிளக்கின் வெளிச்சத்தில் சாலையோரம் ஒரு கல் தெரிந்தது. ஆளுயரம்கூட இல்லை. 1933 பேரலைக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் நட்டது. பகலில் கீழே இறங்கும்போது தலையைக் குனிந்துகொண்டு அதைக் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன். கைப்பேசியால் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படித்தேன். உயரத்தில் இருக்கும் வீடே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நிம்மதி, பேரலையின் கொடுமையை நினைத்துக்கொள், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே. 1896இலும் 1933இலும் தண்ணீர் இங்கே வரை வந்து ஊரே அழிந்தது, முதல் தடவை பிழைத்தவர்கள் இரண்டு பேர், அடுத்த தடவை நான்கு பேர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதன் பிறகு கல்லுக்கு மேலேயே வீடு கட்டினார்கள். 2011இல் தண்ணீர் கல்லுக்குக் கீழேயே நின்றது. வீடுகள் தப்பின.

கல்லைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வலைக்கொட்டகையின் இறவாரத்தில் ஒதுங்கினேன். ஜூனில் அங்கே நாலு மணிக்கே வெளுத்துவிடும். நாலரைக்கு ஒரு பெரியவர் தன் சின்ன டிரக்கை எடுக்க வந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. உள்ளே போய், சூடான தேநீரும் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்தார். தாளைக் கசக்கி என் ஷூவுக்குள் திணித்துக் காட்டினார். அரை மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும் என்று விரலால் சொன்னார். எனக்கு வேலையிடத்து ஜப்பானிய மொழிதான் தெரியும். ஊர் எது என்று கேட்டார். இந்தியாவைத் தரையில் வரைந்து, அடிநுனியில் விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "ஸுமாத்ரா" என்றார். 2004ஐத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. தலையசைத்தேன். அவர் கீழே கடல் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. சுனாமி என்பதே அவர்களுடைய சொல்தானே டீச்சர். சு என்றால் துறை, நாமி என்றால் அலை. 2004 வரை எங்கள் கரையில் என் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ அந்தச் சொல் தெரியாது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த எங்களிடம் அதற்கு மட்டும் பெயர் இல்லை.

ஏழு மணிக்குக் கிளம்பி, மறுபடியும் குடாவுக்கு இறங்கி, தோதோகாசாக்கி முனைக்கு நடந்தேன். ஹோன்ஷு தீவின் கிழக்குக் கோடி அது. முனையில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். காரிலோ பஸ்ஸிலோ போக முடியாது. அனெயோஷியிலிருந்து நாலு கிலோமீட்டர் போல காட்டுப் பாதைதான். தொடக்கத்தில் செங்குத்தான ஏற்றம், அதன் பிறகு மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் நல்ல பாதை. மழை இலையில் விழுந்து, இலையிலிருந்து நம் மேல் விழும். கரடி நடமாடும் காடு, எல்லோரும் பையில் மணி கட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் மழைச் சத்தத்தில் மணி பத்தடிக்கு மேல் கேட்காது. அதனால் வளைவு வரும்போதெல்லாம் கைதட்டினேன், சத்தமாகச் செபமாலை சொன்னேன்.

முனையில் கடல் தெரியவில்லை. கலங்கரை விளக்கமே இருபது அடி நெருங்கிய பிறகுதான் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து கடல் மோதும் சத்தம் மட்டும் வந்தது. நம் பெருநிலத்தின் தென்கோடியிலிருந்து போனவன் இன்னொரு நாட்டுத் தீவின் கிழக்குக் கோடியில் ஒன்றுமே தெரியாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிறைவாக நின்ற இடங்கள் குறைவு.

திரும்பும் வழியில்தான் ஆபத்து. பிஸ்கட் உறையைப் பிரிக்க விரல்கள் மடங்கவில்லை. பல்லால் கிழித்தேன். அதுதான் அடையாளம் டீச்சர், நன்றாக நினைவில் வையுங்கள். விரல் சொன்னபடி கேட்காவிட்டால் அன்றைய நடை முடிந்தது. நான் அன்று மதியமே நிறுத்திவிட்டு, குடும்பம் நடத்தும் ஒரு தங்கும் விடுதிக்குப் போனேன். மின்ஷுகு என்பார்கள். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்தபோது உடம்பு நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உண்மையில் இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தக் கரையோர நெடுஞ்சாலையில் நடக்கும்போது திரும்பத் திரும்ப ஒரு பலகை வரும். முன்பு பேரலை நீர் புகுந்த பகுதி இங்கே தொடங்குகிறது என்று ஒன்று. கொஞ்ச தூரம் ஏறியதும், இங்கே முடிகிறது என்று இன்னொன்று. வெயில் நாளில் கடலையே பார்த்துக்கொண்டு போனதில் நான் அவற்றைக் கவனிக்கவில்லை. மழையில் காட்சி எல்லாம் மறைந்த பிறகு கண்ணில் பட்டது இந்தப் பலகைகளும், மேட்டுக்கு ஏறும் படிக்கட்டுகளும், கற்களும்தான். நம் ஊர்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஒவ்வொரு பாட்டிக்கும் தெரியும். கோயில் படி வரை, ஐஸ் பேக்டரி வாசல் வரை, இன்னார் வீட்டுத் தென்னை வரை என்பார்கள். நான் வளர்ந்த சாலைகளில் அதைச் சொல்லும் பலகை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிகள் போய்விட்டால் அந்தக் கோடும் போய்விடும். மணக்குடியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அந்தக் கோட்டைக் கல்லில் எழுதி வைக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போங்கள், கட்டாயம் போங்கள். கூடாரம் வேண்டாம், இரவு விடுதியில் தங்குங்கள். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்தாலும் சூடு தருவது அதுதான், பருத்தி தராது. நீர் புகாத ஷூ என்று விற்பதை நம்பிப் பணம் கொட்டாதீர்கள். மேலிருந்து புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். பைக்குள் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணி. ஊன்றுகோல் இரண்டு, உங்கள் முழங்காலுக்காக. அந்தப் பாதை ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி இறங்கி ஏறும். மரப்படிகள் மழையில் வழுக்கும், ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

---

பதில்: மார்த்தாண்டம், இப்போது செண்டாய்

அக்கா, தம்பி எழுதிய இடம் அருமையானது, ஆனால் செண்டாயிலிருந்து அது தொலைவு. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மொரியோக்கா போய், அங்கிருந்து மலைகளைக் கடந்து மியாகோவுக்கு 106 பஸ் பிடிக்க வேண்டும். மியாகோவுக்கு ரயிலும் உண்டு, நாளுக்குச் சில வண்டிகள்தான். பலத்த மழையில் அதுவும் நிற்கும். ஓமோயேக்குள் பஸ் மிக அரிது. கடைகளும் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். மியாகோவிலேயே இரண்டு நாள் சாப்பாடு வாங்கிவிடுங்கள்.

முதல் இரண்டு நாளைச் செண்டாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் முழங்காலும் பழகும். நத்தோரியில், யூரியாகேயில், இந்தப் பாதைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வரைபடம் வாங்கலாம், எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று கேட்கலாம். மழைக்குப் பிறகு மண்சரிவால் அங்கங்கே மூடுவார்கள். கேட்காமல் போகாதீர்கள். ஷியோகாமாவிலிருந்து படகில் போகும் உராத்தோ தீவுகளும் பாதையில் சேர்ந்தவைதான். மேடு பள்ளம் குறைவு.

ஊர் ஊராக ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். நம் கடற்கரை ஊர்களில் கோயில் மைக்கில் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது போல அதில் எச்சரிக்கை வரும். ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாம் நிலை என்றால் வயதானவர்கள் வெளியேற வேண்டும், நான்கு என்றால் எல்லோரும். மாலையில் அதிலேயே பாட்டு வரும், பயந்துவிடாதீர்கள், அது நேரம் சொல்வது. நிலம் அதிர்ந்தால் மட்டும் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

---

பதில்: குளச்சல் மேரி

பயணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. கடியப்பட்டணத்துத் தம்பி எழுதிய கோட்டைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு இருந்தது. என் தோளுக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில், நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில். அம்மா அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. மறுபடி அடித்தார். அந்தச் சுவருக்குள்தான் என் தங்கையைக் கண்டெடுத்தோம். அம்மா சாகும் வரை வருடத்துக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தார். தெருமுனையில் கல் நட்டு அதில் அந்தக் கோட்டை எழுதினால், தினமும் தண்ணீர் எடுக்கப் போகிறவள் அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் நட வேண்டும் தம்பி.

---

பதில்: கடியப்பட்டணத்துக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் கேட்காமல் எழுதிவிட்டேன். ஜப்பானிலும் சில ஊர்களில் பேரலையில் சிதைந்த கட்டடத்தை வைப்பதா இடிப்பதா என்று ஊருக்குள்ளேயே வருடக்கணக்கில் வாதம் நடந்தது. ஒத்சுச்சி என்ற ஊரில் பழைய நகராட்சிக் கட்டடத்தைக் கடைசியில் இடித்துவிட்டார்கள். பார்க்கத் தாங்கவில்லை என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

ஆனாலும் அக்கா, என் அக்காள் மகனுக்கு எட்டு வயது. சென்ற மாதம் அவனைக் கீழமணக்குடிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் எங்கே வரை வந்தது மாமா என்று கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தும் காட்ட ஓர் இடம் இல்லை, கையால் காற்றில் காட்டினேன். வீட்டுச் சுவரில் வேண்டாம், தெருவில் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்.

---

பதில்: குளச்சல் மேரி

பள்ளிக்கூட வாசல் என்றால் சரி.

---

கேட்டவர்: கருங்கல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மேரி, என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். 31 வருடம் கரும்பலகையில் பேரலை எப்படி உண்டாகிறது என்று படம் போட்டவள் நான். 2005 ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. அந்த வருடம் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. அடுத்த வருடம் நடத்தினேன்.

மகளிடம் இதை முழுவதும் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு நாள் ஷியோகாமா பக்கம், ஒருநாள் ஓய்வு, பிறகு மியாகோ போய் ஓமோயேயில் இரண்டு நாள் என்று முடிவாகியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருகிறாள். இரவு விடுதியில்தான்.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அனெயோஷிக்குப் போகும்போது அந்தப் பெரியவருக்கு ஏதாவது கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். கருப்பட்டி கொடுத்தால் சாப்பிடுவாரா? வலைக்கொட்டகை கல்லிலிருந்து எந்தப் பக்கம்?

---

பதில்: கடியப்பட்டணத்துக்காரன்

ஏறும்போது இடது பக்கம் டீச்சர், தகரக் கூரை, வாசலில் நீல மிதவைகள் அடுக்கியிருக்கும். காலை ஐந்து மணிக்கு முன்னால் போனால்தான் இருப்பார். கருப்பட்டி கொண்டுபோங்கள். சுக்கும் கொஞ்சம் வையுங்கள். இரண்டையும் பிளாஸ்டிக் பைக்குள் தனியாகக் கட்டுங்கள், அந்த ஈரத்தில் கருப்பட்டி ஒரே நாளில் இளகிவிடும்.